நடத்துநராக நடிக்கும் முன் நடத்துநரிடம் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வகுப்பறையில் பாத்திரமேற்று நடிக்க வைத்தால் பிள்ளைகளுக்குப் பிறர் நிலை புரியும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. ஆனால், எப்படி நடிக்க வைப்பது என்று கேட்க வேண்டிய இடத்தில் கட்டுரை முடிந்துவிடுகிறது. ஆசிரியர்கள் தடுமாறுவது அங்கேதான்.

டால் ஏயல், மேரி ஸ்டெஃபல், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் 25 சோதனைகளின் முடிவுகளை 2018-இல் வெளியிட்டார்கள். ‘அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்’ என்று சொல்லப்பட்டவர்கள், அதனால் எதிராளியின் மனத்தைக் கூடுதல் சரியாகக் கணித்துவிடவில்லை. அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டபோதுதான் கணிப்பு சரியானது. வெறும் கற்பனையில் நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணத்தைத்தானே அவர் தலையில் ஏற்றுகிறோம்!

எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: படியில் தொங்கும் மாணவனும் பஸ் நடத்துநரும். தயாரிப்பில்லாமல் இரண்டு பேரை முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? நடத்துநராக வருபவன் “சாவுகிராக்கி” என்று கத்துவான், வகுப்பு சிரிக்கும், மணி அடிக்கும். நடத்துநர் என்றால் கத்துகிறவர் என்ற பழைய எண்ணம் இன்னும் அழுத்தமாகப் பதிந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை பேட்டி. நான்கு மாணவர்கள் பேருந்து நிலையத்தில், வண்டி கிளம்பும் அவசரம் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு மூன்று கேள்விகள் கேட்டால் போதும். “படியில நிக்கிற பசங்களால உங்களுக்கு என்னண்ணே பிரச்சினை?” என்று நேராகவே கேட்கலாம். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்தாக வேண்டும். செக்கிங் ஏறும்போது டிக்கெட் வாங்காத ஆள் இருந்தால் இவருக்கும் மெமோ வரலாம். ஒரு பையன் விழுந்தால் ஓட்டுநரோடு இவரும் பதில் சொல்ல வேண்டும். இப்படி வரும் விவரங்களில் எதையும் ஒரு பிள்ளை தானாகக் கற்பனை செய்துவிடாது. மாணவன் பக்கமும் இதேபோலத் திரட்ட வேண்டும்: அடுத்த வண்டி எப்போது, தாமதமானால் பள்ளியில் என்ன நடக்கும், பாஸ் காட்டியும் ஏற்றாமல் போன நாள் உண்டா.

பிறகு பாத்திரச் சீட்டு. பாதி அஞ்சலட்டை அளவு, மூன்றே வரி: இவருக்கு என்ன வேண்டும், எது இவரைக் கட்டிப்போடுகிறது, எதிரில் நிற்பவருக்குத் தெரியாதது என்ன. வசனம் எழுதித் தரக் கூடாது. ‘கோபக்காரர்’, ‘அடங்காதவன்’ போன்ற சொற்களும் வேண்டாம். குணத்தை எழுதிக்கொடுத்தால் பிள்ளைகள் குணத்தைத்தான் நடிப்பார்கள், நெருக்கடி காணாமல் போய்விடும்.

மேடை தேவையில்லை, பார்வையாளர் இருந்தாலே காமெடி நுழைந்துவிடும். நாற்பது பேர் வகுப்பென்றால் மூவர் மூவராகப் பிரியட்டும்: இருவர் பேச, ஒருவர் கவனித்துக் குறிப்பெடுக்க. மிஞ்சும் ஒருவர் கடிகாரம் பார்க்கலாம். எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் விசில். இருவரும் இடம் மாறி, சீட்டையும் மாற்றிக்கொள்கிறார்கள். விசிலுக்கு முன் கடைசியாகப் பேசப்பட்ட வாக்கியத்தை, அந்தப் பாத்திரத்தை இப்போது ஏற்றிருப்பவர் அதே தொனியில் திருப்பிச் சொல்லித் தொடர வேண்டும். மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ உருவாக்கிய, நடிப்பு வழியான உளச்சிகிச்சையான சைக்கோடிராமாவில் இது வழக்கமான உத்தி. தன் வாயிலிருந்து போன சொல் தன்னை நோக்கியே வரும் அந்த நொடியில்தான் பல பிள்ளைகள் தயங்குவார்கள். அப்போது ஆசிரியர் குறுக்கிட வேண்டாம். இன்னும் மூன்று நிமிடத்தோடு நிறுத்திவிடலாம், அதற்குமேல் போனால் பேசியதையே பேசுவார்கள்.

முடிந்ததும் சீட்டைத் திருப்பி வாங்கி, ஒவ்வொருவரையும் தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். சடங்கு மாதிரித் தெரியும். ஆனால் இதை விட்டுவிட்டால் ‘கண்டக்டர்’ என்ற பட்டப்பெயர் ஆண்டு இறுதிவரை ஒட்டிக்கொள்ளும்.

ஆறு நிமிட நடிப்புக்குக் குறைந்தது பதினைந்து நிமிடப் பேச்சு வேண்டும். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு சார்” என்பதோடு முடிந்துவிடும். எந்த வாக்கியத்தைக் கேட்டதும் குரலைத் தணித்தாய் என்று கேளுங்கள். சீட்டில் இல்லாத எதைச் சொன்னாய், அது எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். முன்முடிவுகள் இந்த இரண்டாவது கேள்வியில்தான் வெளியே வரும். குறிப்பெடுத்தவரின் தாள் இங்கே கை கொடுக்கும்.

தொடவே கூடாத நடிப்புகளும் உண்டு. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று கண்ணைக் கட்டி நடக்கவிடுவது அவற்றில் ஒன்று. ஏரியல் சில்வர்மனும் சகாக்களும் செய்த ஆய்வில், கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள் பார்வையற்றோரால் வேலை செய்யவும் தனித்து வாழவும் முடியும் என்பதைக் குறைவாகவே நம்பினார்கள். பத்து நிமிடத்தில் அனுபவிப்பது திடீரென்று பார்வை போனவரின் திகைப்பை மட்டுமே. வெள்ளைக்கோலோடு பல ஆண்டுகள் பழகியவரின் திறமை அதில் தெரியாது.

இன்னொன்று சாதி. வகுப்பில் உண்மையாகவே காயப்பட்ட பிள்ளை உட்கார்ந்திருக்க, அந்தக் காயத்தையே நடித்துக் காட்டச் சொல்வது கொடுமை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை 1968-இல் இனப் பாகுபாட்டைப் புரியவைக்கக் கண் நிறத்தை வைத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரித்துச் செய்த பயிற்சி, சில மணி நேரத்திலேயே குழந்தைகளை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தியது. அது சரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஒடுக்குமுறையைப் பேசித்தான் ஆக வேண்டுமென்றால் பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்தோ போவால் வகுத்த மன்ற அரங்கு என்ற நாடக முறை இருக்கிறது. மேற்கு வங்கத்தில் இதை நடத்தும் ஜன சன்ஸ்கிருதி குழு 1985 முதல் இயங்கிவருகிறது. மன்ற அரங்கில் பார்வையாளர் எழுந்துவந்து ஒடுக்கப்படுபவரின் இடத்தை ஏற்று வேறு வழி தேடலாம். ஒடுக்குபவரின் இடத்தை ஏற்பதில்லை. பண்ணையார் திடீரென்று நல்லவராகிவிட்டால் சிக்கல் மாயமாய் மறைந்துபோகும், யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். இதை நடத்தத் தனிப் பயிற்சி வேண்டும்; ஒரு நாள் பயிலரங்கு போதாது.

இவ்வளவுக்கும் நேரமில்லை, ஒரே ஒரு பாடவேளைதான் கிடைக்கும் என்றால் விட்டுவிட வேண்டியது நடிப்பை. ஒரு நடத்துநரை வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்