படம் கீழே, பேச்சு மேலே

கலை அருங்காட்சியகங்களில் பொது உரைகளை ஏற்பாடு செய்பவர்களுக்கு,

வணக்கம். இந்த உரைகளுக்கு விடாமல் வருகிறவர்களில் நானும் ஒருவன். பெரும்பாலும் கடைசி வரிசை.

சென்ற முறை நான் கேட்டது பறவை ஓவியங்களைப் பற்றிய உரை. பேசியவர் விஷயம் தெரிந்தவர், குறை சொல்ல முடியாது. ஆனால் திரையில் இறகின் பச்சை எது, நீலம் எது என்றே தெரியவில்லை. புரொஜெக்டர் எல்லாவற்றையும் வெளுக்க வைத்துவிட்டது. அசல் ஓவியமோ அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே மாட்டியிருந்தது. உரை முடிந்ததும் ஆசையாக இறங்கிப் போனோம். கூடத்தைப் பூட்டியாகிவிட்டது. காவலர் பாவம், கையை விரித்தார்.

மன்சூரின் டோடோ ஓவியத்தைப் பற்றியும் அன்று கேட்டேன். டோடோ என்பது அழிந்தே போன, பறக்க முடியாத ஒரு பறவை. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அவையில் இருந்த உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் அந்தப் படம் இப்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. உயிருள்ள டோடோவைப் பார்த்து வண்ணத்தில் வரைந்த படங்கள் மிகக் குறைவு என்பதால், கலை ரசிகர்களைப் போலவே விலங்கியலாளர்களும் அதைத் தேடிப் போகிறார்கள். ஓவியர் அழகுக்காகச் சேர்த்தது எது, பறவையிடம் கண்டது எது என்று ஒரு பறவையியலாளர் விரல் நீட்டிக் காட்டினால் எப்படி இருக்கும்! அதற்குப் படம் எதிரே இருக்க வேண்டும்.

இன்னொன்று. வான்கோ 1889இல் வரைந்த ஒலிவ மரங்கள் ஓவியம் ஒன்று அமெரிக்காவின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 2017இல் அதை உருப்பெருக்கியில் ஆராய்ந்த, ஓவியங்களைச் சிதையாமல் காக்கும் வல்லுநர், சாயத்துக்குள் ஒரு குட்டி வெட்டுக்கிளி ஒட்டியிருப்பதைக் கண்டார். முழுசாகக்கூட இல்லை, நெஞ்சும் வயிறும் காணோம். படம் எந்தப் பருவத்தில் வரையப்பட்டது என்று பூச்சியை வைத்துச் சொல்ல முடியுமா என்று பார்த்தார்கள், முடியவில்லை. ஆனால் சுற்றியிருந்த சாயத்தில் கால் உதறிய தடமே இல்லை. ஆக, வந்து ஒட்டும்போதே அது செத்திருந்தது. திறந்த வெளியில், காற்றிலும் தூசியிலும் நின்று வரைந்தவர் வான்கோ என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 'கலையும் இயற்கையும்' என்று தலைப்பு வைத்து ஒரு மணி நேரம் பேசுவதைவிட அந்த வெட்டுக்கிளி முன்னால் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

அதனால் கேட்கிறேன்: கூடம் திறந்திருக்கும்போதே உரையை வையுங்கள். பேராசிரியர்களோடு ஓவியங்களைச் சிதையாமல் காக்கும் உங்கள் கூடத்தில் வேலை செய்பவர்களையும் பேசவிடுங்கள். காகித ஓவியங்கள் உள்ள அறை ஏன் இத்தனை இருட்டு என்று எல்லோரும் முணுமுணுக்கிறோம். 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் போனால் நீர்வண்ணம் சீக்கிரம் மங்கிவிடும் என்பதை அவர்களே வந்து சொல்லட்டும். அப்புறம், கேள்வி நேரத்தில் கேள்வி கேட்காமல் தனி உரை நிகழ்த்துகிறவர்களிடமிருந்து மைக்கை வாங்கிவிடுங்கள். அறிமுக உரையும் இரண்டு நிமிடம் போதும்.

அறை சின்னது, எல்லோரும் உட்கார முடியாது என்பீர்கள். சரி, நிற்கிறோம். அடுத்து மலர் ஓவியங்களைப் பற்றிய உரை என்று பார்த்தேன். அந்தப் படங்கள் தரைத்தளத்தில்தான் இருக்கின்றன. சாவி வைத்திருப்பவரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
கடைசி வரிசைக்காரன்