ஓபனில் தங்குவது பற்றி

எல்லோருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தில் தினம் ஒரு ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மேற்குக் கரைத் துறைமுக ஊரான ஓபனிலேயே அறை எடுத்துத் தங்குவோம், தீவுகளுக்குப் போய்விட்டு இரவு திரும்பிவிடலாம். கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் சுமார் 3 மணி நேரம். ஸ்டேஷனை ஒட்டியே கப்பல்துறை.

ஐயோனா என்ற சிறு தீவுக்குப் போகும் நாள்தான் கொஞ்சம் இறுக்கம். முதலில் மல் தீவிலுள்ள கிரெய்க்னியூர் துறைக்குக் கப்பலில் ஏறக்குறைய 50 நிமிடம். அப்புறம் அந்தத் தீவின் குறுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். பாதை பெரும்பாலும் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். கடைசியில் ஐயோனாவுக்குச் சின்னப் படகில் 10 நிமிடம். கி.பி. 563-இல் அயர்லாந்துத் துறவி கொலம்பா வந்து மடம் அமைத்த தீவு, ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரும் இடமல்ல. அதனால் காலையில் முதல் கப்பலையே பிடிப்போம். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தடுத்து எல்லாம் தவறும்.

காற்று பலமாக அடித்தால் கப்பல் ரத்தாகும். கிளம்புமுன் கப்பல் நிறுவனமான கால்மேக்கின் இணையதளத்தில் நிலவரம் பாருங்கள். ரத்தானாலும் சரி, ஓபனிலேயே மேட்டில் மக்கேக் கோபுரம் இருக்கிறது: கூரையில்லாத வெறும் கல் வளைவுகள், கட்டணம் கிடையாது, விரிகுடா முழுக்கத் தெரியும்.

கார் கொண்டுவருகிறவர்கள் மல் கப்பலில் இடத்தை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். ஐயோனாவுக்குள் வெளியார் காரை விடமாட்டார்கள்.