டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கும் ஆபரேஷன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக்குப் போய்க் குறைந்த செலவில் அழகு சிகிச்சை செய்துகொள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் விமானம், ஹோட்டல், ஆபரேஷன் எல்லாம் சேர்த்து எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தீர்கள். கணக்கு சரிதான், ஆனால் அந்த மிச்சம் எங்கே போய் முட்டுகிறது என்பதைச் சொல்லவில்லை. நான் ஹூஸ்டனில் நர்ஸாக இருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

வெளிநாட்டு டாக்டர் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. நம் சென்னைக்கே வைத்தியத்துக்கு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதைப் பின்புறத்தில் ஏற்றி, தொங்கும் தோலை வெட்டித் தைத்து, மார்பையும் சேர்த்துச் செய்துகொள்கிறார்கள். ஏற்றும் கொழுப்பு ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் நேரே நுரையீரலை அடைத்துவிடும். கரீபியன் நாடான டொமினிகன் குடியரசில் இப்படி அழகு ஆபரேஷனுக்குப் பிறகு 2009 முதல் 2022 வரை 93 அமெரிக்கர்கள் இறந்திருக்கிறார்கள் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அதில் 2019, 2020 மரணங்களை ஆராய்ந்தபோது பெரும்பாலும் கொழுப்போ ரத்தக் கட்டியோ நுரையீரலை அடைத்ததுதான் காரணமாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஒரே ஆபரேஷனில் பலதும் செய்துகொண்டவர்கள்.

அப்புறம் விமானம். வயிறு, மார்பில் ஆபரேஷன் ஆனால் குறைந்தது 10 நாள் பறக்காதே என்கிறது அதே மையம். உங்கள் பேக்கேஜில் ஹோட்டல் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஊர் திரும்பியவர்கள் எங்களிடம் வரும்போது கையில் என்ன இருக்கும் தெரியுமா? ஸ்பானிஷில் எழுதிய மாத்திரைச் சீட்டும், போனில் சில போட்டோக்களும். என்ன செய்தார்கள், என்ன மருந்து போட்டார்கள் என்ற குறிப்பே இருக்காது. தையல் போட்ட இடத்தில் சீழ், வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது. காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரக் கிருமி ஒன்று இருக்கிறது, அது புகுந்திருந்தால் மாதக்கணக்கில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், சிலருக்குத் திரும்பவும் வெட்ட வேண்டும். மிச்சம் பிடித்த பணமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

2023இல் எங்கள் டெக்சாஸ் எல்லையை ஒட்டிய மெக்ஸிகோவின் மட்டமோரஸில் நடந்தது இன்னும் பயங்கரம். அழகு ஆபரேஷனுக்காக முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்களே, அந்த வழியாகவே பூஞ்சை மூளைச் சவ்வுக்குப் போய்விட்டது. முதலில் வெறும் தலைவலி, அதுவும் பலருக்கு ஊர் வந்து வாரங்கள் கழித்து. எப்போதோ செய்த ஆபரேஷனையும் இந்தத் தலைவலியையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? அங்கே ஊசி போட்டுக்கொண்டவர்கள், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், ஸ்கேனும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் அறிவித்தார்கள். அப்படியும் பலர் இறந்தார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், விலைப் பட்டியல் தந்த அந்த ஏஜென்டிடம் இரண்டே கேள்வி கேட்டுப் போடுங்கள்: மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர் போனை எடுப்பார்? திரும்ப வெட்ட வேண்டி வந்தால் அந்தச் செலவு யார் தலையில்?

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஹூஸ்டன்