குழந்தைகளின் போட்டி மேடையும் ஒரு மஞ்சள் வேனும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், விடுமுறையில் பார்க்கத்தக்க நகைச்சுவைப் படங்கள் குறித்து வெளியான கட்டுரையில், 2006ஆம் ஆண்டு வெளிவந்த 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' என்ற அமெரிக்கப் படத்துக்கும் இடம் தரப்பட்டிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். ஆயினும், வழியெல்லாம் தொல்லைகளைச் சந்திக்கும் ஒரு குடும்பத்தின் வேடிக்கைப் பயணம் என்ற அளவிலேயே படத்தை அறிமுகம் செய்துவிட்டு, இறுதியில் வரும் சிறுமியின் நடனம் முகம் சுளிக்க வைக்கிறது என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நெடுங்காலம் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி, குழந்தைகளின் கலைப் போட்டிகளில் நடுவராகவும் அமர்ந்தவள் என்ற முறையில், அந்த நடனத்துக்காகவே அந்தப் பயணம் முழுவதும் எழுதப்பட்டது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

படத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் வசிக்கும் ஏழு வயதுச் சிறுமி ஆலிவுக்கு, கலிபோர்னியாவின் ரெடோண்டோ பீச்சில் நடக்கவிருக்கும் சிறுமியர் அழகிப் போட்டியில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எதிர்பாராமல் கிடைக்கிறது. விமானத்தில் செல்லப் பணம் இல்லை. வீட்டிலோ பழைய மஞ்சள் நிற வோக்ஸ்வாகன் வேன் ஒன்று இருக்கிறது. ஆனால் கையால் கியர் மாற்றும் வண்டியை ஓட்டத் தாய்க்குத் தெரியாது என்பதால் தந்தை வந்தே ஆகவேண்டும். பேத்திக்கு நடனம் கற்றுக்கொடுத்த தாத்தா வராமல் இருக்க முடியாது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருக்கும் தாய்மாமனைத் தனியே விட்டுச்செல்ல முடியாது. விமானப்படை அகாடமியில் சேரும்வரை பேசுவதில்லை என்று விரதம் பூண்டிருக்கும் அண்ணனையும் விட்டுச்செல்ல முடியாது. ஆக, விருப்பம் இல்லாதவர்கள் உட்பட ஆறு பேரும் ஒரே வேனில் ஏறி, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் பயணத்தைத் தொடங்குகிறார்கள். படத்தின் தொடக்கத்திலேயே, உணவு மேசையைச் சுற்றி நடக்கும் ஒரு வாக்குவாதத்தின் வழியாகவே இவ்வளவு காரணங்களையும் திரைக்கதை பின்னிவிடுகிறது. இதை எழுதிய மைக்கேல் ஆர்ன்டுக்கு இதுவே படமான முதல் திரைக்கதை. அதற்கே அவர் ஆஸ்கர் விருது பெற்றார்.

வண்டியின் கிளட்ச் பழுதாகும் கட்டத்தைக் கட்டுரையாளர் வேடிக்கைக்காக மட்டும் குறிப்பிட்டிருந்தார். உரிய பாகம் வர நாள்கள் ஆகும் என்று சொல்லும் மெக்கானிக், மூன்றாவது, நான்காவது கியர்களில் ஓட்டக் கிளட்ச் அவசியமில்லை, வேகம் பிடிக்கும்வரை தள்ளிவிட்டு மூன்றாவது கியரில் போட்டால் போதும் என்று வழி சொல்லித் தருகிறார். அதன்பிறகு ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும், எல்லோரும் இறங்கித் தள்ளி, ஓடும் வண்டியில் ஒருவர்பின் ஒருவராகத் தாவி ஏறவேண்டும்; முன்னே ஏறியவர் பின்னே வருபவருக்குக் கை கொடுக்கவேண்டும். சிறுவயதில் தம் குடும்பத்தினர் சென்ற பயணமொன்றில் உண்மையாகவே இப்படி நேர்ந்ததாக ஆர்ன்ட் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் இருந்தவர்கள், ஒரு பொதுவேலையில் தோள்கொடுத்தே தீரவேண்டிய நிலைக்கு வருவதை வசனம் எதுவும் இல்லாமல் அந்த வேன் காட்டிவிடுகிறது. நகைச்சுவைக்கு இதைவிடச் சிறந்த இயந்திரம் ஒன்றை நான் வேறு எந்தப் பயணப் படத்திலும் கண்டதில்லை.

இனி நான் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். இப்படத்தில் வரும் தொல்லைகள் சிரிப்புக்காகக் கோத்த மணிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒருவருடைய வெற்றிக் கனவைப் பறித்துக்கொண்டு போகிறது. தந்தை ரிச்சர்ட், வெற்றிக்கு ஒன்பது படிகள் என்று பாடம் நடத்தும் தன்னம்பிக்கைப் பேச்சாளர். உலகில் ஜெயித்தவர், தோற்றவர் என்ற இரண்டே வகையினர்தான் உண்டு என்று நம்புகிறவர். சாலையோர உணவகம் ஒன்றில் ஆலிவ் ஆசையோடு ஐஸ்கிரீம் கேட்கும்போது, ஐஸ்கிரீமில் கொழுப்பு உண்டு, கொழுப்பு உடம்பில் சேரும், அழகிப் போட்டிக்கு வரும் பெண்கள் அப்படியா இருப்பார்கள் என்று அன்பான குரலிலேயே அவர் விளக்குகிறார். அந்தக் குழந்தையின் முகம் மெல்ல வாடுவதையும், தட்டை ஒதுக்கிவைப்பதையும், உடனே தாத்தாவும் மற்றவர்களும் அந்த ஐஸ்கிரீமைச் சுவைத்து உண்டு அவளை மீண்டும் கரண்டி எடுக்க வைப்பதையும் கேமரா அவசரமின்றிக் காட்டுகிறது. அடிக்காமல், திட்டாமல், நல்லதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டே ஒரு பெற்றோர் குழந்தையின் மனத்தில் தன் உடம்பைப் பற்றிய அச்சத்தை விதைக்க முடியும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சிகள் குறைவு. வகுப்பறையில் இத்தகைய தந்தையரையும் தாய்மாரையும் நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடப் பிள்ளைகள்மீது அன்பில்லாதவர் அல்லர்.

அந்த ரிச்சர்டின் புத்தகத்தைப் பதிப்பிக்க யாரும் முன்வரவில்லை என்ற செய்தி வழியில் வந்து சேர்கிறது. அன்றிரவு மோட்டல் அறையில், நான் தோற்றுவிட்டால் அப்பாவுக்குப் பிடிக்காதே என்று அழும் பேத்தியைத் தேற்றிய தாத்தா, மறுநாள் காலை எழுவதில்லை. விமானி ஆகவேண்டும் என்ற ஒரே இலக்குக்காக மாதக்கணக்கில் வாய் திறக்காதிருந்த அண்ணன், விமானி ஆகவிடாத நிறக்குருடு தனக்கு இருப்பதைத் தங்கை விளையாட்டாகக் காட்டிய அட்டையின் மூலம் ஓடும் வண்டிக்குள்ளேயே அறிந்துகொள்கிறான். வண்டியை நிறுத்தச் செய்து, சரிவில் இறங்கி ஓடி, அவன் கத்தித் தீர்க்கும்போது பெரியவர்கள் எவராலும் அவனை மீட்டு வர முடியவில்லை. ஆலிவ்தான் தனியாக இறங்கிச் செல்கிறாள். ஒரு வார்த்தையும் பேசாமல் அவன் அருகில் குந்தி, தோளில் தலை சாய்த்துக்கொள்கிறாள். சற்று நேரத்தில் அவன் எழுந்து வருகிறான். இந்தக் காட்சியைப் பார்த்துக் கண்கலங்கியவர்களுக்கு இதை நகைச்சுவைப் படம் என்று அழைக்கத் தயக்கம் வரக்கூடும். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை, ஏனெனில் சிரிப்பை நிறுத்தாமலேயே துயரத்துக்கும் இடம்விடுகிற நகைச்சுவையே உயர்ந்தது என்று நம்புகிறேன்.

குறையே இல்லாத படம் என்று நான் சொல்ல வரவில்லை. தாத்தாவின் உடலை மருத்துவமனைச் சன்னல் வழியாக வெளியே எடுத்துவந்து வேனில் ஏற்றிச்செல்லும் பகுதி நம்பகத்தன்மையின் எல்லையைத் தாண்டுகிறது. தாயாக நடித்த டோனி கொலெட் அருமையான நடிகை. எனினும், மற்ற எல்லோருக்கும் ஒரு கனவும் ஒரு இழப்பும் கொடுத்த திரைக்கதை, அவருக்கு மட்டும் எல்லோரையும் சமாளிக்கும் வேலையைத் தந்து ஒதுங்கிவிட்டது. தாத்தாவாக நடித்துத் துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதை வென்ற ஆலன் ஆர்கின் 2023ஆம் ஆண்டு மறைந்தபோது, அந்தக் குறுகிய நேர நடிப்பைப் பற்றித் தமிழில் விரிவான கட்டுரை எதுவும் என் கண்ணில் படாதது எனக்கு வருத்தமே.

வேன் ஒருவழியாக ரெடோண்டோ பீச் ஓட்டலை அடையும்போது, அந்தக் குடும்பத்தில் இன்னும் தோற்காமல் எஞ்சியிருப்பவள் ஆலிவ் ஒருத்திதான். மற்ற சிறுமிகளைப் பார்த்ததும் தந்தையும் அண்ணனும் திகைக்கிறார்கள். அடர்ந்த உதட்டுச் சாயம், உயர்த்தி முடிந்த கூந்தல், செயற்கையாகப் பழுப்பேற்றிய தோல், நீச்சலுடை, வளர்ந்த பெண்களைப் போன்ற நடை என்று அந்தப் பிஞ்சுகள் மேடையில் வலம்வருகிறார்கள். அரங்கம் மகிழ்ந்து கைதட்டுகிறது. இவை இயக்குநர்களான ஜொனாதன் டேட்டனும் வாலெரி ஃபாரிஸும் மிகைப்படுத்திக் கற்பனை செய்தவை அல்ல. ஆலிவாக நடித்த அபிகேல் பிரெஸ்லின் தவிர, மேடையில் தோன்றும் மற்ற சிறுமிகள் உண்மையான அழகிப் போட்டிகளில் கலந்துகொண்டு வந்தவர்கள். தங்கள் வழக்கமான ஒப்பனையோடும் தங்கள் சொந்த நிகழ்ச்சிகளோடும் படத்தில் தோன்றினார்கள்.

அதன்பிறகு ஆலிவ், தாத்தா சொல்லிக்கொடுத்தபடி, இரவு விடுதி மேடைக்குரிய அசைவுகளை, அவற்றின் பொருள் எதுவும் அறியாத குதூகலத்தோடு ஆடுகிறாள். இதுவரை கைதட்டிய அதே பெற்றோர் அருவருப்போடு எழுந்து வெளியேறுகிறார்கள். கட்டுரையாளருக்கு ஏற்பட்ட முகச்சுளிப்பைப் படமே திட்டமிட்டு உண்டாக்குகிறது; உண்டாக்கிவிட்டு, சற்றுமுன் நீச்சலுடையில் குழந்தைகளை நிறுத்தி மதிப்பெண் போட்டபோது உங்களுக்கு இந்த உணர்வு ஏன் வரவில்லை என்று கேட்கிறது. மகளை மேடையிலிருந்து இறக்குமாறு அனுப்பப்படும் தந்தை, அவளைத் தடுக்க மனமின்றித் தானும் ஆடத் தொடங்குவதும், தாய்மாமனும் அண்ணனும் தாயும் ஒவ்வொருவராக ஏறிச் சேர்ந்துகொள்வதும், வழிநெடுக ஓடி ஓடி வேனில் ஏறியவர்களால் மட்டுமே செய்யக்கூடிய காரியம். அத்தனை அல்லல்கள் இல்லாமல் அந்தத் தந்தை அந்த மேடையில் ஏறியிருக்கவே மாட்டார்.

நம் தொலைக்காட்சிகளின் சிறுவர் நடன நிகழ்ச்சிகளைப் பார்க்கும் எவருக்கும் இந்தக் காட்சி அமெரிக்காவோடு நின்றுவிடாது. நடன நிகழ்ச்சிகளில் குழந்தைகளை வயதுக்குப் பொருந்தாத வகையிலும் ஆபாசமாகவும் காட்டுவதைத் தவிர்க்க வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பவேண்டிய நிலை இங்கும் ஏற்பட்டதே. போட்டி ஒன்றில் நான் நடுவராக இருந்தபோது, உதட்டுச் சாயம் அழிந்துவிடும் என்று சொல்லிக் காலையிலிருந்து குழந்தைக்கு ஸ்ட்ரா வைத்துப் பால் மட்டுமே கொடுத்து உட்காரவைத்திருந்த ஒரு தாயைத் திரைமறைவில் கண்டேன். அந்தச் சிறுமி பசிக்கிறது என்று சொல்லவில்லை. எத்தனையாவது எண் இப்போது போகிறது என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

ஆகவே, தங்கள் இதழ் இப்படத்தை மீண்டும் பரிந்துரைக்க நேர்ந்தால் இரண்டு விவரங்களைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கொச்சை வசனங்களும் போதைப்பொருள் பழக்கம் பற்றிய காட்சிகளும் இருப்பதால், அமெரிக்காவில் இது 17 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக்கூடாத 'ஆர்' தரச்சான்று பெற்ற படம். சிறு குழந்தைகளோடு அமர்ந்து பார்ப்பதற்கு உரியது அன்று. இது முதலாவது. தம் பிள்ளைகளின் பெயரைத் தொலைக்காட்சிப் போட்டிக்கு அனுப்ப விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கும் பெற்றோர், பிள்ளைகள் உறங்கிய பிறகு அவசியம் பார்க்கவேண்டிய படம் இது என்பது மற்றொன்று. கட்டுரையாளரும் அந்த இறுதிப் பகுதியை, அரங்கில் அமர்ந்திருக்கும் பெற்றோரின் முகங்களைக் கவனித்தபடி இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தம் கருத்தை எழுதவேண்டும் என்று தங்கள் வாயிலாக அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
தஞ்சாவூர்.