போத்தலில் 'நானோ' என்று போட்டிருந்தால்

கெலுகோர், பினாங்கு

அன்புள்ள குணா,

இங்கே எல்லாரும் நலம். பிரிக்பீல்ட்ஸ் மூத்தோர் கூட்டத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிப் பேசப்போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. நீ அனுப்பிய நான்கு இணையுணவுப் போத்தல்களின் லேபல் படங்களையும் பார்த்தேன். நான்கிலும் 'நானோ' பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் நான்குக்கும் ஒரே பதில் சொல்லிவிட முடியாது.

நானோ என்பது பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) வரையிலான அளவு. துகள் சிறுக்கச் சிறுக்க அதே எடைக்கு மேற்பரப்பு கூடும், சீக்கிரம் கரையும். எனவே முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சத்து குடலில் சேருவதில் சிக்கல் உண்டா என்பதுதான். சிக்கலே இல்லாத சத்தை எவ்வளவு நுணுக்கினாலும் உறிஞ்சல் பெரிதாகக் கூடிவிடாது.

மஞ்சள்கிழங்குச் சத்துப் போத்தலை எடுத்துக்கொள். அங்கே சிக்கல் உண்மையிலேயே இருக்கிறது. மஞ்சள்தூளில் அதன் முக்கியப் பொருளான குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். அதுவும் தண்ணீரில் கரையாது. உள்ளே போகும் கொஞ்சத்தையும் குடற்சுவரும் கல்லீரலும் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். அதனால்தான் அதை எண்ணெயில் கரைத்து, எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் லெசித்தினோ பாலிசார்பேட் 80-ஓ சேர்த்து, நீரோடு கலந்து, துளிகளை உடைத்துச் சிறிதாக்கும் உயர் அழுத்த ஹோமோஜினைசரில் பல தடவை ஓட்டுகிறார்கள். கிடைப்பது நானோ எமல்ஷன், அதாவது மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள் நீரில் பரவிய கலவை.

பலரும் எண்ணெயைக் கவனிப்பதில்லை. எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெயில் துளிகள் எளிதாகச் சிறுக்கும். ஆனால் பாம் ஒலீன், சோள எண்ணெய் போன்றவை செரிக்கும்போது குடலில் உண்டாகும் மிசெல்கள் என்னும் நுண்ணிய கொழுப்புத் திரள்கள்தான் வைட்டமின் டி போன்ற பெரிய மூலக்கூறுகளை நன்றாகச் சுமக்கும். துளியை மட்டும் சிறிதாக்கி எண்ணெயைத் தவறாகத் தேர்ந்தால் பாதி உழைப்பு வீண். இன்னொன்று, சின்னத் துளியிலிருந்து எண்ணெய் மெல்லக் கசிந்து பெரிய துளியில் போய்ச் சேரும். ஆஸ்வால்ட் ரைப்பனிங் என்பது இதுதான். போத்தலின் கழுத்தில் எண்ணெய் வளையம் கட்டியிருந்தால் எமல்ஷன் கெட்டுவிட்டது என்று பொருள். குலுக்கினால் கலந்த மாதிரி தெரியும், பழைய துளியளவு திரும்பாது. நம்மூர் வெயிலில் காருக்குள் வைத்த போத்தலுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

உன் கூட்டத்தில் இதை அழுத்திச் சொல்: உறிஞ்சல் கூடினால் ஆபத்தும் கூடலாம். உறிஞ்சல் கூட்டப்பட்ட மஞ்சள் மாத்திரைகளோடு தொடர்புடைய கல்லீரல் பாதிப்புகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரிக்கையே வெளியிட்டது. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, தோல் அரிப்பு, காரணமில்லாத களைப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட்டு கிளினிக்கிற்குப் போகட்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ரசத்திலும் குழம்பிலும் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

டோகோட்ரியனால் என்னும் வைட்டமின் இ வகை பற்றிக் கேட்டிருந்தாய். பாம் எண்ணெயிலிருந்து வருவது, கொழுப்பில்தான் கரையும். நம் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் வயிற்றைவிடச் சாப்பாட்டோடு எடுத்தபோது உறிஞ்சல் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. வயிற்றில் தானே எமல்ஷனாகும் வகை மாத்திரைகள் வந்தது இந்தக் குறையை ஈடுகட்டத்தான். சாதாரண மாத்திரை என்றால் மதியச் சாப்பாட்டோடு போடச் சொல், காசு மிச்சம்.

லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த வைட்டமின் சி வேறு கதை. வைட்டமின் சி தண்ணீரில் கரைவது. 200 மில்லிகிராம் அளவில் பெரும்பகுதி தானாகவே சேர்ந்துவிடும். ஒரே வேளையில் 1000 மில்லிகிராமைத் தாண்டினால்தான் உறிஞ்சல் பாதிக்கும் கீழே இறங்கும். 100 கிராம் கொய்யாவிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் லெசித்தினையும் வைட்டமின் சி தூளையும் போட்டு வீட்டிலேயே செய்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்தத் தொட்டிக்குப் போதிய விசை கிடையாது. பெரும்பாலும் கிடைப்பது பால்போன்ற கலவை, வைட்டமினில் பெரும்பங்கு குமிழிக்கு வெளியிலேயே கிடக்கும். அமிலத்தில் லெசித்தினும் சிதையும். கடையில் வாங்கியதைக்கூட உறைய வைத்தால் பல சமயம் லிப்போசோம் உடைந்துவிடும். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

'நானோ ஸிங்க்' (துத்தநாகம்) போத்தலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பேன். ஸிங்க் ஆக்சைடு நானோவாக இருந்தாலும் வயிற்று அமிலத்தில் பெரும்பாலும் கரைந்து சாதாரண ஸிங்க் அயனாகிவிடும். பெரியவர்களுக்கு நாளுக்கு 40 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. மாதக்கணக்கில் அதைத் தாண்டினால் உடலில் செம்பு குறையும். செம்பு குறைந்தால் கிருமியோடு போராடும் நியூட்ரோபில் வெள்ளணுக்களும் குறையும். எதிர்ப்புச் சக்திக்காக விழுங்கியதே அதைக் குறைத்துவிடும்! லேபலில் இருப்பது ஸிங்க் சேர்மத்தின் எடையா, அதிலுள்ள ஸிங்கின் எடையா என்றும் பார்க்க வேண்டும். ஸிங்க் குளுக்கோனேட் 50 மில்லிகிராமில் ஸிங்க் ஏழுதான்.

நானோ வெள்ளியை மேடையிலேயே நேராக மறுத்துவிடு. வெள்ளி நமக்குச் சத்தே அல்ல. தொடர்ந்து குடித்தால் தோல் சாம்பல் நீலமாகும், அந்த நிறம் திரும்பாது.

எந்தப் போத்தலானாலும் மால் (MAL) எண்ணை, அதாவது மலேசியப் பதிவு எண்ணைத் தேடச் சொல். எட்டு இலக்கம், கடைசியில் 'N' என்றிருந்தால் சுகாதார இணையுணவு, 'T' என்றிருந்தால் பாரம்பரிய மருந்து. மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவின் (NPRA) தளத்தில் எண்ணைத் தட்டி, பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும். சில போத்தல்களில் இருக்கும் நானோவெரிஃபை (NANOVerify) சான்று துகளின் அளவைப் பற்றியது. நோய் தடுக்கும் என்பதற்கு அது சாட்சி இல்லை.

ஸிங்க் போத்தலின் பின்பக்கப் படம் மங்கலாக இருக்கிறது, மால் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் தெரியவில்லை. வெளிச்சத்தில் வைத்து மறுபடி எடுத்து அனுப்பு. கூட்டத்துக்கு முன்னால் சரிபார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சுப்ரா