வாடகை மட்டும் கணக்கல்ல

ஆசிரியருக்கு,

பெருநகரை விட்டு நடுத்தர நகரத்துக்குக் குடிபெயர்வது பற்றிப் பேசுபவர்கள் வாடகைக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். வாடகை குறைவு, அலுவலகம் பக்கம், சரி. ஆனால் கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்து வந்துவிட்டால், இன்னொருவரின் துறையில் இங்கே இருப்பதே இரண்டு மூன்று நிறுவனங்களாக இருக்கும், அங்கே சரிப்படவில்லை என்றால் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அப்புறம் பேருந்து. இரவில் சீக்கிரமே நின்றுவிடுவதால் சொந்தமாக வண்டி வாங்கியாக வேண்டும், வாடகையில் மிச்சம் பிடித்ததில் பாதி அதற்கே போய்விடும். (சிறப்பு மருத்துவர் வாரம் ஒருமுறை வெளியூரிலிருந்து வருவார், நாள் பார்த்துத்தான் நோய் வர வேண்டும்!) வருகிறவர்கள் உடனே வீடு வாங்காமல், ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து எந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்