எலும்பு ஊசிக்கு முன் பல்லைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நுரையீரல் புற்றுநோய் முற்றி எலும்புக்குப் பரவியவர்களுக்கு ஏற்றப்படும் ஜோலெட்ரானிக் அமிலத்தைத்தான் வீட்டார் ‘எலும்பு ஊசி’ என்கிறார்கள். இது புற்றைக் கரைக்காது. எலும்பை அரிக்கும் செல்களை அடக்கி, முதுகெலும்பு நொறுங்குவதையும் தொடை எலும்பு முறிவதையும் தள்ளிப்போடும். அதுவே பெரிய உதவி. ஆனால் முன்தயாரிப்பு இல்லாமல் ஏற்றினால் கெடுதலும் பெரிது.

முதல் கவனம் பல்லுக்கு. நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு வெற்றிலை, சீவலோடு புகையிலையையும் கன்னத்தில் அடக்கும் பழக்கம் உண்டு. ஈறு தளர்ந்து பல் ஆடும். கேட்டால் ‘வயசாச்சு’ என்பார்கள். இந்த மருந்து ஏறியபின் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ஈறு விலகி, மஞ்சள் கலந்த வெள்ளையாய் எலும்பு வெளியே தெரியும், நாக்கு பட்டால் சொரசொரக்கும், சீழும் வாடையும் சேரும். எனவே பிடுங்க வேண்டிய பல்லை முதலில் பிடுங்கி, ஈறு மூடிய பிறகே ஊசியைத் தொடங்க வேண்டும். இடையில் பல் வலித்தால், ஊசி போட்டுக்கொள்வதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது சிறுநீரகம். 4 மி.கி. மருந்தை 100 மி.லி. சலைனில் கலந்து, 15 நிமிடத்துக்குக் குறையாமல், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். அவசரமாக ஏற்றினால் சிறுநீரகம் அடிவாங்கும். சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) உள்ள ரிங்கர் லாக்டேட் என்ற திரவத்தில் கலக்கவே கூடாது. ஒவ்வொரு தடவையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்து, சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்; வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் ஜோலெட்ரானிக் வேண்டாம். தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் என்ற ஊசி 120 மி.கி. அப்போது மாற்று, ஆனால் அதில் ரத்தத்தின் கால்சியம் சட்டென்று இறங்கலாம்.

வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ தஞ்சாவூருக்குப் பேருந்தில் வருபவர்கள், வழியில் சிறுநீர் கழிக்க இடமில்லையே என்று தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். கத்திரி வெயிலில் இது ஆபத்து. அதற்குமேல், வலி தாங்காமல் ஊரில் டைக்லோபினாக் ஊசியும் போட்டிருந்தால் சிறுநீரகம் எப்படித் தாங்கும்? வலிக்கு மார்பின் உண்டு, வலிக்கும் இடத்துக்கு ஒரே தவணைக் கதிர்வீச்சும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

முதல் ஊசிக்குப்பின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் பாராசிட்டமால் போதும். கால்சியம் 500 மி.கி., வைட்டமின் டி 400 யூனிட் தினமும் வேண்டும். உதட்டைச் சுற்றி மரத்து, விரல் இழுத்தால் கால்சியம் குறைந்திருக்கிறது. மாறாக, தீராத தாகம், மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் என்றால் கூடியிருக்கலாம். கால்சியம், வைட்டமின் டி மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ரத்தம் பார்க்க வேண்டும்.

முதுகுவலியோடு கால் துவண்டாலோ சிறுநீர் அடைத்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். தண்டுவடம் நசுங்கினால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

அரசு மருத்துவமனைகளில் முதல் எலும்பு ஊசி எழுதும்போதே பல் பிரிவுக்கும் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டுகிறோம். ஊசி எழுதுவதும் பல் பரிசோதனையும் ஒரே நாளில் முடிந்தால், நோயாளிக்கு ஒரு பேருந்துப் பயணமாவது மிச்சமாகும்.

வலித்தணிப்புப் பணியில் உள்ளோர்,
திருவாரூர் மாவட்டம்